மாடிப்படி வெளியே போன பிறகு

பதுளை
02.02.2025

அன்பு மகள் ஸிஹாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வீட்டில் எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். உன் சளி விட்டதா, மொனராகலை வெயில் உனக்கு ஒத்துவருகிறதா என்பதை முதலில் எழுது.

போன் இருக்க வாப்பா ஏன் காகிதத்தைத் தேடுகிறார் என்று நீ சிரிப்பாய். என் காதுக்கு ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கிறது. ஸ்பீக்கரில் போட்டால் எனக்கு முன்னால் உன் உம்மா நளீரா பதில் சொல்லிவிடுகிறாள். கடையில் குக்கர் வாங்க வந்தவர்கள் நின்று கேட்டு, தங்கள் கருத்தையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆகவே இனிக் கடிதம். சாப்பாட்டுப் பார்சலோடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் சாயந்திரம் உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் வீடுதான். நம் ஆட்களில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும், மாப்பிள்ளை அதில் வந்து குடியிருப்பார். கடைக்கு மேல் உனக்கென்று எழும்பும் மாடியில் தூண்கள் நின்றுவிட்டன. வீட்டு உறுதிப் பத்திரத்தையும் உன் பெயரிலேயே எழுதியாயிற்று. ஆகஸ்டில் நிக்காஹ், அதற்கு முன் முடித்துத் தருவதாக ஸ்பிரிங்வெளி மேசன் அழகையா வாக்குக் கொடுத்திருந்தார். வெள்ளிக்கிழமை உன் மாமனாராகப் போகிற இப்றாஹீம் ஹாஜியார் பண்டாரவளையிலிருந்து வந்து மேலே ஏறிப் பார்த்தார். "மாடிப்படி கடைக்குள்ளால போறது சரியில்ல அஸீஸ். ஆக்கள் சட்டி பானைய மிதிச்சிக்கிட்டா மாப்பிள வீட்டுக்கு வாற? வெளியால வைங்க" என்றார். சம்பந்தி முகத்துக்கு நேரே என்ன சொல்வது? சரி என்றுவிட்டேன். அழகையா ரசமட்டத்தைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடப் போனவர்தான், அன்று முழுக்கச் சாந்துக் கரண்டியைத் தொடவில்லை.

நாள் முழுக்க மாற்றக் கோரிக்கைகளைப் பார்ப்பதுதானே அங்கே உன் வேலை. இதையெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுது.

சென்ற மாதம் அவர்கள் பெண் கேட்டு வந்தபோது நீ தேத்தண்ணீர்த் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். உம்மா உடனே அல்ஹம்துலில்லாஹ் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் சந்தோஷம்தான். உனக்கும் அப்படித்தானே?

துஆவுடன்,
வாப்பா

மொனராகலை
11.02.2025

அன்புள்ள வாப்பா,

வஅலைக்கும் ஸலாம். சளி போய்விட்டது, இருமல் கொஞ்சம் மிச்சம். உங்கள் காதை டொக்டரிடம் காட்டச் சொல்லி எத்தனை தரம் சொல்லிவிட்டேன். உம்மா செய்தனுப்பிய மாசிச் சம்பலை அலுவலகத்தில் ஒரே நாளில் முடித்துவிட்டார்கள்.

எங்கள் குடிநீர்த் திட்டத்தில் வரைபடத்தைப் போட்டு முடித்த அன்றே, குழாய் என் வீட்டுப் பக்கமாக வரட்டும், தொட்டி அடுத்தவன் காணியில் நிற்கட்டும் என்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாங்கள் வாய்ப்பேச்சை எடுப்பதில்லை. கேட்கிறவர் எழுதித்தர வேண்டும். ஏன் கேட்கிறார், அதை மாற்றினால் அதனோடு சேர்ந்து வேறு எதெல்லாம் மாறும் என்று பார்ப்போம். பிறகு உரிமையாளர் கையொப்பம் வைக்க வேண்டும். அதுவரை வேலை பழைய வரைபடத்தின்படிதான் நடக்கும். இரண்டு வாரத்துக்குள் உரிமையாளரிடமிருந்து பதில் வராவிட்டால் அந்தக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாகவே கணக்கு. இல்லாவிட்டால் இங்கே யாரும் ஓர் அடி குழாய்கூடப் பதிக்க முடியாது.

வாப்பா, ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மலைப்பக்கம் ஜன்னல் வைத்து ஒரு சின்ன அறை கேட்டிருந்தேன், மேசை போட. அது அப்படியே இருக்கட்டும். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

உம்மாவுக்கு ஸலாம் சொல்லுங்கள்.

மகள்
ஸிஹாமா

பதுளை
24.02.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இருமலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. காது டொக்டர் நோன்புக்குப் பிறகு.

உன் முறை பிரமாதம். ஒரு ஃபைல் வாங்கி, 'மாடி வீடு, மாற்றங்கள்' என்று மேலே எழுதிவிட்டேன். மாடிப்படி விஷயத்தை எழுத்தில் தாருங்கள் என்று ஹாஜியாரிடம் கேட்டபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உப்பில்லாத கறியை வாயில் வைத்தவர் மாதிரி ஆகிவிட்டார். ஆனாலும் எழுதித் தந்தார். உரிமையாளர் என்ற இடத்தில் நான் கையொப்பம் வைத்தேன். அழகையாவுக்கு ஏக சந்தோஷம். "மொதலாளி, இப்பதான் எனக்குத் தெம்பா இருக்கு. காலையில ஒன்னு சாயந்திரம் ஒன்னுன்னா நான் சொவத்த மடியில வச்சிக்கிட்டா ஒக்காருறது?" என்றார்.

மாடிப்படி வெளியே போனால் குசினி ஜன்னல் அடைபட்டு, அடுப்புப் புகை உள்ளேயே நிற்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. குசினியைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரும். பெரிய வேலை இல்லை.

மாப்பிள்ளை மிப்ரான் உன் போன் நம்பரைக் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். பிள்ளை நல்ல அடக்கம், நேரே கேட்கக் கூச்சப்படுகிறார் போலிருக்கிறது. கொடுக்கட்டுமா?

வாப்பா

மொனராகலை
08.03.2025

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு எப்படிப் போகிறது? கடையில் நின்றுகொண்டே நோன்பு திறக்காதீர்கள், உட்கார்ந்து பேரீச்சம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கஞ்சியைக் குடியுங்கள். இங்கே கஞ்சி கொடுக்கும் பள்ளி தூரம். நான் பிஸ்கட்டோடு நோன்பு திறக்கிறேன் என்று உம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

குசினி எந்தப் பக்கம் நகர்கிறது, வாப்பா? நீங்கள் அதை எழுதவில்லை.

வெயிலில் குழாய்கள் சுடுகின்றன. வேலை நிறைய. நேரம் போதவில்லை.

ஸிஹாமா

பதுளை
17.03.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். உன் கடிதத்தை உம்மாவும் வாசித்துவிட்டாள். பிஸ்கட் விஷயம் வெளியாகிவிட்டது. இந்தப் பார்சலில் கஞ்சிக்கு வேண்டிய எல்லாம் கட்டி வைத்திருக்கிறாள். காய்ச்சிக் குடிக்காவிட்டால் உன்னோடு பேசமாட்டாளாம்.

குசினி மலைப்பக்கம் போகிறது. வேறு பக்கம் இடமில்லை, பின்னால் அடுத்த வீட்டுச் சுவர். அதனால் உன் அறை கொஞ்சம் சிறுத்துவிட்டது. கொஞ்சம் என்றால் பாதி. மேசை போடலாம், நாற்காலியைத்தான் யோசிக்க வேண்டும். இதற்கிடையில் உன் மாமியாராகப் போகிறவர் ஒரு தடவை வந்து குசினி இன்னும் பெரிதாக இருக்கட்டும் என்றார். பெருநாளைக்குப் பண்டாரவளையிலிருந்து எல்லோரும் இங்கேதான் வருவார்களாம். "மருமகளுக்கு மேச என்னத்துக்கு" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்தேன். அதுவும் எழுத்தில் வந்து, நானும் கையொப்பம் வைத்தாயிற்று. அழகையா ஒரு தடவை கட்டிய சுவரை இடித்தார்.

போன் நம்பர் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. உம்மா கொடுத்துவிட்டாள். ஜூலையில் நீ வேலையை விட்டுவிடுவாய் என்று ஹாஜியார் தன்பாட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு நான் என்ன சொல்லட்டும்? மறக்காமல் எழுது.

பெருநாளைக்கு முந்திய நாளே பஸ் ஏறிவிடு.

வாப்பா

மொனராகலை
06.04.2025

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். பத்திரமாக வந்து சேர்ந்தேன். பசறை தாண்டியதும் மழை, பஸ் ஜன்னல் மூடவில்லை, உம்மா தந்த வட்டிலப்பத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

பெருநாளைக்கு வந்தும் நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. வீடு முழுக்க ஆட்கள். நீங்கள் வாசலில் ஸலாம் சொல்லியே களைத்துப்போனீர்கள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மேலே போனேன். என் அறையில் நின்று கையை விரித்தேன். இரண்டு பக்கமும் சுவர் தட்டியது. ஜன்னல் மட்டும் அப்படியே இருந்தது, மலை தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவிட்டேன்.

இங்கே ஒரு சங்கடம். ஒரு வீட்டு வளவுக்குள்ளால் குழாயைத் திருப்பக் கேட்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சரி என்றார், மகனும் சரி என்றார், கையொப்பமும் வைத்தார்கள். அந்த வளவு அவருடைய மனைவி நல்லம்மாவின் பெயரில் இருக்கிறது. அவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் அளக்கும்போது அவர் வாசலில் சும்மாதான் நின்றார், ஆகவே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். மெஷின் வந்து மிளகுக்கொடியைப் பிடுங்கியபோது அவர் போய்க் குழிக்குள் உட்கார்ந்துவிட்டார். புருஷன் கெஞ்சினார், மகன் ஏசினார். அவர் எழும்பவில்லை. கடைசியில் என்னைத்தான் பேச அனுப்பினார்கள். "மொதல்லயே சொல்லியிருக்கலாமே அம்மா" என்று கேட்டேன். "எங்கிட்ட யாரு கேட்டீங்க" என்றார்.

அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, வாப்பா. அறைக்கு வந்தும் தூக்கம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். காது டொக்டர்.

ஸிஹாமா

பதுளை
20.04.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். காது டொக்டரிடம் போனேன். காதுக்கு வயதாகிவிட்டதாம். அதைச் சொல்ல ஒரு டொக்டர்.

அந்த நல்லம்மா சரியான ஆள்தான். ஆனாலும் அளக்கும்போதே வாயைத் திறந்திருக்கலாம். கடைசி நேரத்தில் குழிக்குள் உட்கார்ந்தால் எத்தனை பேருக்குக் கஷ்டம். நீ அதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

இங்கே இன்னொரு மாற்றம் வந்திருக்கிறது. நேற்றிலிருந்து எழுதுவதா வேண்டாமா என்று நடந்துகொண்டே இருக்கிறேன். உம்மா, தரை தேய்ந்துவிடும் உட்காருங்கள் என்கிறாள். ஹாஜியார் புடவைக்கடையின் ஒரு பகுதியை மகனுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். அந்தப் புடவைக் கட்டுகளை வைக்க மேலே ஓர் அறை வேண்டுமாம். வேறு அறை இல்லை, உன் சின்ன அறைதான். வெயில் பட்டால் துணி நிறம் மங்கும் என்று ஜன்னலைக் கல் வைத்து மூடவும் கேட்கிறார்கள்.

ஃபைலில் அந்தக் காகிதம் கையொப்பம் இல்லாமல் கிடக்கிறது. அழகையா கல்லை அடுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். நீ சரி என்றால் வைக்கிறேன். வேலையை விடுவது பற்றியும் நீ இன்னும் எழுதவில்லை. உடனே பதில் போடு, மகள்.

வாப்பா

பதுளை
04.05.2025

அன்பு மகளுக்கு,

ஸலாம். கடிதத்தை உன் கையிலேயே கொடுத்ததாகக் கண்டக்டர் சத்தியம் பண்ணுகிறார். போனில் கேட்டால் சுகம் என்கிறாய், சாப்பிட்டேன் என்கிறாய், பிறகு வேலை வந்துவிட்டது என்று வைத்துவிடுகிறாய். கடையில் கணக்கைத் தப்பாகப் போடுகிறேன். நேற்று ஒருவருக்கு இட்லிச் சட்டிக்குப் பதில் பூச்சட்டியைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஹாஜியார் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். உன் உம்மா நேரே சொல்லிவிட்டாள்: "புள்ள பதில் போடல்லன்டா சரீன்டுதானே. கையெழுத்த வைங்க." நான் பேனையைக் கையில் எடுத்தேன். கையொப்பம் வைக்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

அப்படியே எடுத்துக்கொள்ளட்டுமா? ஒரு வரி போதும்.

வாப்பா

பதுளை
19.05.2025

மகள்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தை இம்முறை சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை.

இன்று அழகையா முடிவாகக் கேட்டார்: "ஆமாவா இல்லையா மொதலாளி? சிமெந்து கட்டியாப் போகுது." உன் முறையில் இதற்கு என்ன வழி என்று பார்க்க, பெப்ரவரியில் நீ எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். பதில் வராவிட்டால் நிராகரிக்கப்பட்டதாகவே கணக்கு என்று எழுதியிருக்கிறாய். நான் அதை அப்போது வேலைச் சமாசாரமாக வாசித்துவிட்டுப் போய்விட்டேன்.

அழகையாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு உன் கடிதங்களையெல்லாம் மறுபடி வாசித்தேன். போன் நம்பர் கொடுக்கட்டுமா என்று கேட்டேன், பதில் இல்லை. வேலையை விடுவாயா என்றதற்கும் இல்லை. உனக்குச் சந்தோஷம்தானே என்று முதல் கடிதத்தில் கேட்டதற்கு இன்றுவரை இல்லை. மிப்ரானின் பெயரை நீ ஓர் இடத்திலும் எழுதவில்லை. சம்பலுக்கும் வட்டிலப்பத்துக்கும் பதில் வந்திருக்கிறது.

ஜனவரியில் நீ தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பெண்பிள்ளை பேசாமல் நின்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டோம். வீடு உன் பெயரில். நான்தான் உரிமையாளர் என்று ஒவ்வொரு காகிதத்திலும் கையொப்பம் வைத்திருக்கிறேன். நல்லம்மாவின் கதையை நீ ஏன் எழுதினாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. எனக்குக் காது மட்டுமல்ல, மகள், கண்ணும் மந்தம்.

ஆகவே இப்போது கேட்கிறேன். உம்மா பக்கத்தில் இல்லை, ஹாஜியார் இல்லை, தட்டும் இல்லை. உனக்கு என்ன வேண்டும்? இம்முறை உரிமையாளர் என்ற இடத்தில் நீயே எழுது.

வாப்பா

மொனராகலை
25.05.2025

அன்புள்ள வாப்பா,

அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் கடிதத்தைக் குழாய்க் குவியலின்மேல் உட்கார்ந்து வாசித்தேன். எல்லோரும் பார்க்க அழுதேன். வெயில் கண்ணில் பட்டது என்று சொல்லிவிட்டேன்.

எங்கள் அலுவலக முறைப்படியே எழுதுகிறேன். வேறு விதமாக எழுத எனக்குத் தைரியம் வராது.

கோருபவர்: ஸிஹாமா, வீட்டின் உரிமையாளர்.

கோரும் மாற்றம்: ஆகஸ்ட் நிக்காஹ் வேண்டாம்.

காரணம்: மிப்ரான் கெட்டவர் இல்லை. இரண்டு தடவை போனில் பேசினார், மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர்கள் கேட்ட ஒவ்வொரு மாற்றத்திலும் என் இடம் குறைந்துகொண்டே வந்தது, அது அங்கே யார் கண்ணிலும் படவில்லை. வேலையை விட எனக்கு விருப்பமில்லை. எனக்குப் பயமாக இருந்தது, வாப்பா. நீங்கள் ஒவ்வொரு கல்லாக ஆசையோடு ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு கல்லுக்கும் என் வாய் இன்னும் கொஞ்சம் அடைத்தது.

இதனோடு சேர்ந்து மாறுபவை: உம்மாவின் மனம். பண்டாரவளையில் உங்கள் மதிப்பு. ஊர்ப் பேச்சு. இவற்றை நான் குறைத்து எழுதவில்லை. இதை நினைத்துத்தான் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன்.

உரிமையாளர் கையொப்பம்: ஸிஹாமா.

கீழே உங்களுக்கும் ஓர் இடம் விட்டிருக்கிறேன். முறைப்படி அது தேவையில்லை. எனக்குத் தேவை. நீங்கள் பதில் போடாவிட்டால் என்ன அர்த்தம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படியென்றால் ஜூலையில் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், ஒன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள்
மகள்

பதுளை
08.06.2025

அன்பு மகள் ஸிஹாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு லீவு இல்லை என்று நீ சொன்னதை உம்மா நம்பினாள், நான் நம்பவில்லை. குர்பான் இறைச்சி பார்சலில் வருகிறது. நன்றாகச் சாப்பிடு.

இத்தனை நாள் பதில் வராமல் நீ என்ன பாடுபட்டிருப்பாய் என்று தெரியும். தினமும் கண்டக்டர் வருகிற நேரத்தில் நான் கடை வாசலில் நின்றேன், கடிதமில்லாமல் வெறும் பார்சலைக் கொடுத்து அனுப்பினேன். வாயால் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க எனக்கு மனமில்லை. இதனோடு சேர்ந்து எது மாறும் என்று முதலில் பார்க்க வேண்டும் என்று நீதானே எழுதினாய். அதைப் பார்க்கப் பண்டாரவளைக்குப் போனேன்.

ஹாஜியார் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு, "புள்ளட விருப்பம் கேக்காமயா எங்களுக்கு வாக்குத் தந்தீங்க?" என்றார். ஆமாம் என்றேன். வெளியே மழை. மிப்ரான் குடை பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை கூடவே வந்தார். பஸ் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "அங்கிள், அந்த ஜன்னல மூடச் செல்லி நான் கேக்கல்ல. மேச வைக்கிற ரூமுன்டு எனக்கு யாரும் செல்லவுமில்ல" என்றார். நல்ல பிள்ளை. எனக்கு அழுகை வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அவர் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லவில்லை, நான் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கவில்லை.

உன் உம்மா என்னோடு பேசுவதில்லை. சோறு மட்டும் வருகிறது, கறியை நானே தேடி எடுக்க வேண்டும். உன்மேல் கோபமில்லையாம், என்மேல்தானாம். ஆனால் இந்தப் பார்சலில் இறைச்சியோடு உனக்குப் பிடித்த சம்பலையும் வைத்துக் கட்டியவள் அவள்தான். ஊர் பேசத் தொடங்கிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் குக்கரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

நீ விட்ட இடத்தில் எழுதிவிட்டேன்: ஏற்றுக்கொள்ளப்பட்டது, அஸீஸ்.

மாடிப்படி வெளியேதான் இருக்கும், அதை இடிக்க என்னால் ஆகாது. குசினி சிறுத்து, உன் அறை பழைய அளவுக்கு வருகிறது. உன் அறைச் சுவரை அழகையா நேற்று மறுபடி இடித்தார். "இது இடிக்கிறதுதான் மொதலாளி மனசுக்கு நல்லா இருக்கு" என்றார். ஜன்னலுக்கு அருகில் அடுக்கி வைத்திருந்த கல்லையும் கீழே இறக்கியாயிற்று.

இன்னும் ஒரு விஷயம் மிச்சம். ஜன்னலின் அடிக்கட்டை மேசைக்குச் சரியாக வரவேண்டுமாம். உன் மேசை என்ன உயரம் என்று அழகையா கேட்கிறார். உடனே எழுது, மகள். பதில் வரும்வரை அவர் கல்லைத் தொடமாட்டார்.

துஆவுடன்,
வாப்பா